இங்கிலாந்து அரசர்களுக்கு வரவுத் தாளம்

அந்த விசாரணையில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆனால் "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பேச விடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்பது அந்த எரிச்சலை இன்னும் கூட்டுகிறது.

இரண்டாம் உலக யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலையில் இருந்தேன். குளிர்காய்ச்சல் பிடித்து என்னைத் துரத்திவிட்டது. என் ஊரான கிரானில் வீடு இருந்தது, ஆனால் அண்ணனுக்குப் பிள்ளைகள் பெருகி நான் படுக்க இடம் இல்லாமல் போயிருந்தது. அதனால் மட்டக்களப்புப் பட்டணத்துக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்து விடுதியில் சமையற்காரனுக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். விறகு கொத்துவது, தண்ணீர் அள்ளுவது, தேங்காய் துருவுவது. சம்பளம் பேருக்குத்தான். சாப்பாடும் சாக்குகளுக்கு நடுவில் படுக்க இடமும் கிடைத்தன. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீசு எழுத்துகள் தெரியும், அவற்றைச் சேர்த்தால் என்ன பொருள் என்று தெரியாது.

விடுதியில் படுவான்கரையிலிருந்து, அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்திலிருந்து, ஒரே ஊர்ப் பொடியன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் கொழும்பில் புதிதாகத் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்துக்குப் புகுமுகப் பரீட்சை எழுத இருந்தவர்கள். ஒருவன் அவ்வூர் அண்ணாவியாரின் மகன். கூத்துப் பழக்கி, மத்தளம் அடித்து, கூத்தாடும் களரியை நடத்துகிறவரைத்தான் எங்கள் பக்கத்தில் அண்ணாவியார் என்போம். அந்த ஊரில் அரசாங்கத் தலைமைக்காரரான விதானையாருக்கு இருந்த மரியாதையைவிட அவருக்கு இருந்த மரியாதை கூட. மற்றவனை விடுதியில் எல்லாரும் நெட்டையன் என்றார்கள். தகப்பன் இல்லை. தாய் பிறர் வயலில் நாற்றுப் பிடுங்கி அவனைப் படிக்க வைத்தாள். அண்ணாவியார்தான் அவனுக்கும் பொறுப்பாளர் என்று கையொப்பம் வைத்திருந்தார்.

நெட்டையன் படிக்கும் விதம் என் உயிரை வாங்கியது. இருந்து படிக்கமாட்டான், சமையல்கட்டுக்கு வந்துவிடுவான். என் அரிசிப் பெட்டியில் விரலால் தட்டுவான், குதிகாலால் நிலத்தை மிதிப்பான். கூத்தில் ஒரு ராசா சும்மா நடந்து வரமுடியாது. அவனவனுக்கு உரிய தாளத்தில் ஆடித்தான் களரிக்குள் வரவேண்டும். அதற்கு வரவு என்று பெயர். ராசாவுக்கு ஒரு தாளம், மந்திரிக்கு ஒன்று, அரக்கனுக்கு ஒன்று, சிரிக்கவைக்கும் கட்டியக்காரனுக்கு ஒன்று. சரித்திரப் பாடத்தில் இங்கிலாந்து அரசர்கள் ஒரே பேரில் வரிசையாக வந்து இவனைக் குழப்பினார்களாம். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு போட்டுவிட்டான். பெண்டாட்டிகளை மாற்றி மாற்றிக் கட்டியவன் கட்டியக்காரன் தாளத்தில் வந்தான். தலை வெட்டுப்பட்டவன் அரக்கன் தாளத்தில் வந்தான். அரசன் வந்துவிட்டால் அவனுடைய சண்டைகளும் சட்டங்களும் பின்னால் தானாக வரும் என்றான். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. அரிசிப் பெட்டி உடையாமல் இருந்தால் போதும்.

அண்ணாவியார் மகன் எதிரே பலகையில் புத்தகத்தோடு இருப்பான். அடிக்கடி காதைப் பொத்திக்கொள்வான்.

"நிப்பாட்டு மச்சான், மண்டை குழம்புது."

"நிப்பாட்டினா எனக்கு ராசா வரமாட்டான் மச்சான்."

"உன்ட ராசா வந்தா என்ட ராசா போறான்."

இரைச்சலுக்குத்தான் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். எனக்கும் மண்டை குழம்பத்தான் செய்தது.

பரீட்சை எங்கள் பள்ளிக்கூட மண்டபத்திலேயே நடந்தது. எழுதுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க என்னை வாசலில் நிறுத்தினார்கள். மேற்பார்வைக்குக் கொழும்பிலிருந்து ஒரு தமிழர் வந்திருந்தார். வெள்ளை உடுப்பு, சங்கிலி போட்ட மணிக்கூடு. கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. காய்ச்சலோடு வந்த ஒரு பிள்ளைக்குக் காற்று வரும் இடம் பார்த்துத் தாமே மேசையைத் தூக்கிப் போட்டதை நான் பார்த்தேன்.

கடைசிப் பாடம் சரித்திரம். மண்டபத்துக்குப் பலகை போட்ட தரை. நெட்டையன் கேள்வித்தாளை வாசித்துவிட்டுக் கண்ணை மூடினான். பிறகு அவன் குதி தொடங்கியது. டக், டக்டக், டக். நின்றது. எழுதினான். மறுபடியும் தட்டினான், எழுதினான். அடுத்த வரிசையில் இருந்த அண்ணாவியார் மகன் ஒவ்வொரு தட்டுக்கும் தலையை நிமிர்த்தினான், பிறகு குனிந்து எழுதினான். தட்டுகிறவன் ஒருவன், நிமிர்கிறவன் ஒருவன். வாசலில் நின்ற எனக்கே அது நல்லதாகப் படவில்லை.

மேற்பார்வையாளர் சுவரோரம் நின்று நெடுநேரம் கேட்டார். யுத்த காலத்தில் தந்திக் கந்தோரில் டக்டக்கென்று செய்தி அடிக்கிற சத்தம் எல்லாருக்கும் பழக்கம். இரகசியத்தைக் காப்பாற்றுங்கள் என்று சுவர்களில் எழுதி ஒட்டியிருந்த காலம். இதையும் ஓர் இரகசியச் சைகை என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். இருவரையும் முழுதாக எழுதவிட்டு, அவர்களுடைய விடைத்தாள்களை மட்டும் தனியாகக் கட்டி வைத்துக்கொண்டார்.

அண்ணாவியாருக்கு ஆள் போனது. மறுநாள் மத்தியானம் தலைமை ஆசிரியரின் அறையில் விசாரணை. அன்று பொழுதுபட மேற்பார்வையாளர் மெயில் ரயிலில் கொழும்புக்குப் போகிறார். அவர் குற்றம் என்று எழுதிக்கொண்டு போனால் இரண்டு பேருடைய விடைத்தாள்களும் தள்ளுபடி. இனிப் புகுமுகப் பரீட்சைப் பக்கமே வரமுடியாது. பள்ளிக்கூடமும் நற்சான்று கொடுக்காது, விடுதியை விட்டு அன்றைக்கே இறக்கும். எழுதாமல் போனால் கொழும்பு. விஷயம் அவ்வளவுதான்.

அண்ணாவியார் கதவடியில் நின்றார். உட்காரக் கதிரை போடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. தோளில் சால்வை. காதில் கடுக்கன்.

மேற்பார்வையாளர் நெட்டையனிடம் தொடங்கினார். "காலால் தட்டினாயா?"

"தட்டின நான் ஐயா."

"ஏன் தட்டினாய்?"

"ராசா வராட்டி எனக்கு எழுத வராது ஐயா."

"எந்த ராசா?" என்று தலைமை ஆசிரியர் குறுக்கிட்டார்.

"இங்கிலாந்து ராசாக்கள் ஐயா. ஒவ்வொருத்தரும் அவரவர்ர தாளத்தோட வரோணும்."

தலைமை ஆசிரியர் மேசையில் அடித்தார். "இது பரீட்சை மண்டபமா, உங்கட ஊர்க் களரியா? மற்ற நாட்டில பிள்ளைகள் மூளையால படிக்குதுகள். நீங்க குதியால படிக்கிறீங்களா?"

அவர் பட்டணத்தவர். கூத்து என்றாலே காட்டாள் வேலை என்று நினைக்கிறவர். இவர்களைக் கொழும்புக்கு அனுப்பிப் பள்ளிக்கூடத்தின் பேரை உயர்த்தலாம் என்று இருந்தவருக்கு வந்த கோபம் அது.

பிறகு என்னைக் கேட்டார்கள். மண்டபத்தில் தட்டுச் சத்தம் கேட்டதா? ஓம். விடுதியிலும் தட்டுவதுண்டா? ஓம். தட்டும்போது மற்றவனும் கூட இருப்பானா? "ஓம், ஆனா ஐயா, அவர் காதைப் பொத்திக்கொண்டு..."

"கேட்டதற்கு மட்டும் சொல்," என்றார் மேற்பார்வையாளர்.

"இருப்பார் ஐயா."

"போதும்."

அவ்வளவுதான் என் சாட்சியம். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த மூன்று ஓம்களையும் சேர்த்தபோது மட்டும் அது முழுப் பொய்யாகிவிட்டது.

கடைசியில் மேற்பார்வையாளர் அண்ணாவியார் மகனைப் பார்த்தார். பென்சிலை எடுத்து மேசையில், தம் காதில் பட்டபடி, நெட்டையன் தட்டியதைத் தட்டிக் காட்டினார். "இந்தத் தாளங்கள் உனக்குத் தெரியுமா? தட்டினால் எந்த அரசன் என்று சொல்வாயா?"

பொடியன் மேசையைப் பார்த்தான், நெட்டையனைப் பார்த்தான். பிறகு கதவடியில் நின்ற தகப்பனைப் பார்த்தான். அண்ணாவியார் சற்று நிமிர்ந்து நின்றார். மகனை அவருடைய தொழிலில் ஒருவர் சோதிக்கிறார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஓம் ஐயா, தெரியும்," என்றான். "அண்ணாவியார்ர மகன் நான். எனக்குத் தெரியாத தாளமா?"

"ஐயா, அவனுக்கு..." என்று நெட்டையன் வாயைத் திறந்தான். அண்ணாவியாரைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"அவனுக்கு என்ன?"

"ஒண்டுமில்ல ஐயா."

மேற்பார்வையாளர் பென்சிலை வைத்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தெரியாது என்று சொல்லியிருந்தால் சோதித்துப் பார்த்திருப்பேன்," என்றார். "தெரியும் என்கிறவனை என்ன சோதிப்பது?" எழுதத் தொடங்கினார்.

விடுதியை விட்டு இறக்கிய பொடியன்களின் பெட்டிகளைச் சுமந்துபோய் அக்கரையில் வண்டி ஏற்றிவிட்டு வா என்று சமையற்காரன் என்னை அனுப்பினான். தோணியில் நாங்கள் நாலு பேரும் தோணிக்காரனும். காற்று பின்னாலிருந்து வந்ததால் தோணி இலேசாகப் போனது. முதலில் அண்ணாவியார் திட்டித் தீர்த்தார். ஊருக்குள் எந்த முகத்தோடு போவது, நெட்டையனின் தாய்க்கு என்ன சொல்வது, படிக்கப் போன இடத்தில் யார் கூத்துப் போடச் சொன்னது. பொடியன்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையை ஒட்டிய சதுப்பில் நின்ற கண்ணாக்காடு பின்னால் போனது. பிறகு அவர் நெட்டையன் பக்கம் திரும்பினார். தொழில்காரன் புத்தி கோபத்துக்குள்ளும் வேலை செய்யும்போல.

"அது சரி. தலை வெட்டுப்பட்ட ராசாவுக்கு என்ன வரவு போட்ட நீ?"

நெட்டையன் தயங்கினான். "அரக்கன் வரவு, அண்ணாவியார்."

"ஆர்ரா உனக்குச் சொல்லித் தந்த? ராசா ராசாதான்கா. தலை போனாலும் ராசா வரவுதான் போடோணும்."

"தலையில்லாம முடியை எங்க வெச்சு ஆடுற அண்ணாவியார்?" என்று தோணிக்காரன் சிரித்தான்.

"நீ கோலைப் பாத்து ஊண்டு," என்றார் அவர். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க, தட்டு பாப்பம். எப்பிடித்தான் வெள்ளைக்காரனைக் கொண்டாந்த நீ?"

நெட்டையன் தோணிப் பலகையில் தட்டினான். சுத்தமான தட்டு. அண்ணாவியாரின் தலை அசைந்தது. "ம்... மனே, நீ பிடி."

மகன் அசையவில்லை.

"பிடிகா. அந்த ஐயாவுக்கு முன்னால தெரியுமெண்டு சொன்னாய்தானே."

அவன் கையைப் பலகையில் வைத்தான். தட்டினான். எனக்குத் தாளம் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் அது வேறெங்கோ போவது எனக்கே தெரிந்தது. "மறுகா," என்றார் அண்ணாவியார். மறுபடியும் பிழை. அவர் தாமே வாயால் சொன்னார், "ததித்துளாதக ததிங்கிணதோம்." மகனின் கையைப் பிடித்துத் தட்டவைத்தார். கையை விட்டதும் அது தடம் மாறிப் போயிற்று. ஓர் அடி முந்தியது, ஓர் அடி பிந்தியது. தோணிக்காரன் கோல் ஊன்றுவதை நிறுத்திவிட்டான்.

"எப்ப தொடக்கம் இப்பிடி?" என்றார் அண்ணாவியார்.

"எப்பவும் ஏலாதுப்பா," என்றான் மகன். குனிந்தபடியே சொன்னான்.

"சின்னனில ஆடின நீதானே? நான் மத்தளத்தில இருக்கக்குள்ள கண்ணால கண்டனே."

நெட்டையன்தான் பதில் சொன்னான். "என்ட காலைப் பாத்துப் பாத்து ஆடினவன் அண்ணாவியார். நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. மறுகா பட்டணத்துக்குப் படிக்க வந்திட்டம். நீங்க கேட்டதுமில்ல."

"அப்ப அந்த மண்டபத்தில உனக்கு ஒண்டும் விளங்கல்லயா?"

"சத்தம் கேட்டது," என்றான் மகன். "கேக்கக்குள்ள எழுத நினைச்சதெல்லாம் பறந்திட்டு. அதான் நிமிந்து நிமிந்து பாத்த நான். நிப்பாட்டெண்டு சொல்ல ஏலுமா, பரீட்சையில?"

"அதை ஏன்டா அங்க சொல்லல்ல?"

அதற்கும் நெட்டையன்தான் மெதுவாகப் பதில் சொன்னான். "நீங்க கதவடியில நிண்டீங்க."

அண்ணாவியார் வாவியைப் பார்த்தார். திடீரென்று தோணிக்காரனின் தோளில் அடித்தார்.

"தோணியைத் திருப்புகா! பட்டணத்துக்குக் கிறுக்கு!"

திரும்பியதும் காற்று முகத்துக்கு வந்தது. போகும்போது தள்ளிய அதே காற்று இப்போது பிடித்து நிறுத்தியது. தோணிக்காரனும் நானும் மாறி மாறிக் கோல் ஊன்றினோம். அண்ணாவியார் தோணியின் முனையில் நின்று, தோணி போகாத வேகத்தில் தாம் போவதுபோல முன்னுக்குச் சாய்ந்துகொண்டிருந்தார். கரை வந்ததும் பெட்டிகளைத் தோணியிலேயே விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடினோம். சால்வையை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ரயில் நின்றது. மேற்பார்வையாளர் ஜன்னலோரம் இருந்தார். அரக்கு முத்திரை வைத்த பொதி பக்கத்தில் இருந்தது. எங்களைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

"ஐயா," என்றார் அண்ணாவியார். மூச்சு வாங்கியது. "இந்தப் பொடியன் தாளம் அறியாதவன். இவனுக்கு ஒண்டும் விளங்கியிருக்காது. இந்த நெட்டையன் தனக்குத்தான் தட்டினவன், ஆருக்கும் சொல்லல்ல."

"மத்தியானம் தெரியும் என்றானே."

"எனக்கு வெட்கமெண்டு பொய் சொன்னவன் ஐயா. இப்ப பாருங்க." மகனைத் திருப்பி நிறுத்தினார். "ஆடு மனே."

"இஞ்சயாப்பா?"

"இஞ்சதான். ஆடு."

அண்ணாவியார் கையால் தாளம் போட்டு, வாயால் வரவு சொன்னார். களரியில் சொல்லும் அதே குரல். நடைமேடையில் சாமான் தூக்குகிறவர்களும் தொதல் இனிப்பு விற்கிறவனும் சுற்றிக் கூடினார்கள். பொடியன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மிதித்தான். முதல் சுற்றிலேயே கால் பின்னியது. அண்ணாவியார் நிறுத்தவில்லை, இன்னும் உரக்கச் சொன்னார். அவனும் மிதித்தான், எல்லாம் பிழை. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது.

"அண்ணாவியார், இது கூத்தா, களத்தில நெல்லுச் சூடு மிதிக்கிறானா?" என்று ஒருவன் கேட்டான்.

"பாருங்க ஐயா, எல்லாரும் சிரிக்கிறாங்க," என்றார் அண்ணாவியார் ஜன்னலைப் பார்த்து. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. யோசித்தார். நேர்மையாக யோசித்தார் என்றே சொல்வேன். "வேண்டுமென்றே பிழையாக ஆடலாம் அல்லவா?" என்றார்.

அண்ணாவியாருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அவர் அறிந்த உலகத்தில் அப்படி ஒரு செயல் இல்லை. "நான் தாளம் சொல்லக்குள்ள வேணுமெண்டு பிழையா மிதிக்கிறதா? ஆரு ஐயா அப்பிடிச் செய்வான்?"

"மத்தியானம் ஒன்று சொன்னான், இப்போது ஒன்று காட்டுகிறான். நான் எதை எழுதுவது?"

"ரெண்டையும் எழுதுங்க ஐயா," என்றேன் நான்.

அவர் அப்போதுதான் என்னைக் கண்டதுபோலப் பார்த்தார். விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. பொடியன் வேட்டியை இறக்கிவிடாமல் அப்படியே நின்றான்.

மேற்பார்வையாளர் உண்மையில் இரண்டையும் எழுதியிருந்தார். கொழும்பிலிருந்து வந்த பதிலைத் தலைமை ஆசிரியர் என்னை நிறுத்திவைத்துத் தமிழில் சொன்னார். ஒருவன் சைகை கொடுத்தது அவனே ஒப்புக்கொண்டது. மற்றவன் அந்தச் சைகை தெரிந்தவன் என்பது அவனே ஒப்புக்கொண்டது. பிறகு தகப்பனும் வேறு சிலரும் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்த்து மேற்பார்வையாளரின் மனத்தை மாற்ற முயன்றது மேலதிகக் குற்றம். இருவரும் தள்ளுபடி. அந்த வேறு சிலரில் நானும் ஒருவன் என்பதால் எனக்கும் விடுதியில் வேலை இல்லை. அதில் எனக்குப் பெரிய இழப்பு இல்லை. அங்கே எலி அதிகம்.

"அவனுக்குத் தாளம் தெரியாது ஐயா, தோணியில வெச்சு நான் கண்டனான்," என்றேன்.

"எனக்கும் இப்ப விளங்குது," என்றார் அவர். கோபம் போய்விட்டிருந்தது. "ஆனா அதை என்னெண்டு எழுதுற? தாளம் வராதெண்டு ஆருக்கு நற்சான்று குடுக்கிற?" காகிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தார்.

அறுவடைக் காலத்தில் அந்தப் பொடியன்களின் ஊர் வயல்வட்டைக்குச் சூடு போட்டு நெல் பிரிக்கும் வேலைக்குப் போனேன். வேலை கிடைக்கும் இடத்துக்குப் போகிறவன் நான், அவர்களைத் தேடிப் போகவில்லை. நெட்டையன் எங்களோடு களத்தில் மாடு வளைத்தான். மாடுகளை அதட்டும் குரல் மட்டும்தான் கேட்டது. தட்டுவதில்லை.

அந்தியில் கூத்துப் பழக்கம் நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். அண்ணாவியார் மத்தளத்தில் இருந்தார். மகன் அவர் பக்கத்தில் கூத்து எழுதிய ஏட்டை வைத்துக்கொண்டு நின்றான். ஆடுகிறவர்களுக்குச் சொல் எடுத்துக்கொடுப்பது அவன் வேலை. படித்தவன், வாசிப்புத் தெளிவு, இவ்வளவு நல்ல ஏட்டுக்காரன் நமக்கு வாய்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவர் பெருமைப்பட்டார்.

நெட்டையன் ராசாவாக வரவு ஆடி வந்தான். கால் தப்பவில்லை. நடுவில் வந்ததும் பாட்டின் அடி மறந்துபோனது, நின்றான். அண்ணாவியார் மகன் ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே கொடுத்தான். நெட்டையன் அதை வாங்கிப் பாடினான். இங்கே ஒருவரும் அதைக் குற்றம் என்று எழுதவில்லை. பக்கத்தில் இருந்தவர், "பாத்தீங்களா, என்ன கெட்டித்தனம்," என்றார்.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வரம்புப் பக்கம் போய்ச் சுருட்டுப் பற்றவைத்தேன். மறுநாள் கூலியை வாங்கிக்கொண்டு வேறு வட்டைக்குப் போய்விட்டேன்.